டேங்குக்கு அடியில் இருக்கும் நிறம்

1958-இன் கடைசி மாதங்களில், கவென்ட்ரி நகரத்துக்குப் பக்கத்தில் மெரிடனில் இருந்த டிரையம்ப் தொழிற்சாலை, அடுத்த ஆண்டு விற்பனைக்காக 650 சிசி வண்டி ஒன்றை அவசரமாகத் தயார்செய்தது. இரண்டு கார்புரேட்டர் வைத்த அந்த வண்டிக்கு டி120 பானவில் என்று பெயர். 1956-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து பானவில் உப்புவெளியில், டிரையம்ப் என்ஜின் பொருத்திய ஒரு நீள்வண்டியை ஜானி ஆலன் மணிக்கு 214 மைல் வேகத்தில் ஓட்டியிருந்தார். அந்தப் பெருமையைத்தான் பெயராகச் சூட்டினார்கள். முடிவெடுக்கத் தாமதமானதால் 1959-க்கான விற்பனைப் புத்தகத்தில் இந்த வண்டிக்கு இடம் கிடைக்கவில்லை. டேங்குக்கு இரண்டு நிறம். ஒன்று கமலா ஆரஞ்சுத் தோலின் நிறம், மற்றது முத்துச் சாம்பல். டேஞ்சரின், பேர்ல் கிரே என்பவை கம்பெனி சொன்ன பெயர்கள்.

அமெரிக்க விற்பனையாளர்கள் கேட்டது சீறிப் பாயும் தோற்றமுள்ள வண்டி. வந்து இறங்கியதோ, ஹெட்லைட்டையும் வேகமானியையும் ஒரே தகரக் கூட்டுக்குள் அடக்கி, அகன்ற மட்கார்டு மாட்டிய வண்டி. என்ஜினின் வேகம் தோற்றத்தில் இல்லை. நிறமும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் டேஞ்சரினுக்குப் பதில் ராயல் புளூ வந்தது. 1960-இல் தகரக் கூடு போய் ஹெட்லைட் தனியாக நின்றது, மட்கார்டு மெலிந்தது, பிரேமின் முன்குழாய் இரட்டையானது, நிறம் இன்னொரு நீலத்துக்கு மாறியது. அமெரிக்காவில் பெயரைக்கூட மாற்றி டிஆர்7/ஏ, டிஆர்7/பி என்று விற்றார்கள். ஆனால் என்ஜினில் குத்திய எழுத்து டி120-தான். விற்பனைத் தாளில் ஒரு பெயரும் என்ஜினில் இன்னொரு பெயருமாக இருப்பதைப் பார்த்து, யாரோ என்ஜினை மாற்றிவிட்டார்கள் என்று இன்று ஒருவர் முடிவுகட்டினால் அவர் ஏமாந்துபோவார். தொழிற்சாலையிலிருந்து வந்ததே அப்படித்தான்.

அன்று வேண்டாமென்று தள்ளப்பட்ட அந்த ஆரஞ்சு வண்டியைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். தேவை கூடியதும் புதிதாக ஆரஞ்சு பூசிய வண்டிகளும் கூடின. ஒரு வண்டி தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய நாளில் எந்த நிறத்தில், எந்தெந்த உறுப்புகளோடு இருந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களைப் பற்றிய ஆய்வில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

பலரும் முதலில் எடுப்பது விற்பனைப் புத்தகத்தை. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். அதில் இருப்பது கம்பெனியின் எண்ணம். நடந்தது வேறாக இருக்கலாம். பல மாதங்கள் முன்னால் வரைந்த படங்கள் அவை. பானவில்லைப் போல, ஒரு மாடலே அதில் விட்டுப்போவதும் உண்டு. ஆண்டுக் கணக்கும் நம்மைக் குழப்பும். டிரையம்பின் மாடல் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. கோடை விடுமுறை முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். அந்த வாரங்களில் பழைய ஆண்டின் மட்கார்டும் புதிய ஆண்டின் டேங்கும் ஒரே வண்டியில் சேர்ந்து வெளியேறியிருக்கலாம். கிடங்கில் மீந்த உறுப்பை எந்தத் தொழிற்சாலையும் குப்பையில் போடுவதில்லை.

விற்பனைப் புத்தகத்தைவிட நம்பத்தக்கது அனுப்புகைப் பேரேடு. வண்டி எந்தத் தேதியில் எந்த விற்பனையாளருக்குப் போனது என்று எண்ணோடு எழுதிவைத்த கணக்கு அது. பிஎஸ்ஏ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனி 1970-களின் தொடக்கத்திலும் மெரிடன் 1983-லும் விழுந்தபோது, இந்தப் பேரேடுகளில் பலவற்றை ஆர்வலர் சங்கங்கள் காப்பாற்றின. 1946-இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகம் இதில் முக்கியமானது. ஒரு டிரையம்ப் கலிபோர்னியாவின் பாசடீனாவில் இருந்த ஜான்சன் மோட்டார்ஸுக்குப் போனதா, பால்டிமோரில் இருந்த டிரையம்பின் சொந்த நிறுவனத்துக்குப் போனதா என்று அதில் பார்க்கலாம். வெறும் முகவரி என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. மேற்குக் கரையில் பாலைவனப் பந்தயக்காரர்கள், கிழக்குக் கரையில் சாலை ஓட்டிகள்; இருவருக்கும் வேறு வேறு ஹேண்டில்பார், வேறு சைலன்சர், சில ஆண்டுகளில் வேறு நிறமும்கூட. 1963 முதல் 1967 வரை வந்த டிடி ஸ்பெஷல் என்ற வண்டிக்கு ஹெட்லைட்டே கிடையாது. மண் தடத்தில் பந்தயம் ஓட்டுவதற்கென்று அமெரிக்காவுக்காகச் செய்தது அது. உள்நாட்டு வண்டியில் நான்கு கேலன் டேங்க், தாழ்ந்த ஹேண்டில்பார். அமெரிக்காவுக்குப் போனதில் பூசணி விதை போல மெலிந்த சின்ன டேங்க், உயர்ந்த ஹேண்டில்பார். இரண்டும் ஒரிஜினல்தான். ஒரு வண்டியில் ஒன்றிலிருந்து பாதி, மற்றதிலிருந்து பாதி இருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

பேரேட்டைத் திறக்க எண் வேண்டும். எண்ணைப் படிப்பது தனிக் கலை. பானவில் காலத்து டிரையம்பில் என்ஜின் எண்ணும் பிரேம் எண்ணும் ஒன்றேதான். 1963-இல் என்ஜினையும் கியர்பெட்டியையும் ஒரே கூட்டில் வார்க்கத் தொடங்கியபோது 650 சிசி வண்டிகளுக்கு டியு101 என்று எண்வரிசை தொடங்கியது. 1969 மாடலிலிருந்து எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து வந்தது. முதல் எழுத்து மாதம், இரண்டாவது மாடல் ஆண்டு. என்சி என்று தொடங்கினால், 1968 அக்டோபரில் கட்டிய 1969 மாடல் என்று பொருள். அதே காலத்தில் எண் குத்தும் இடத்தின் பரப்பெங்கும் டிரையம்ப் முத்திரையைச் சின்னச் சின்னதாகப் பதித்தார்கள். யாராவது அரம்போட்டுப் பழைய எண்ணை அழித்தால் முத்திரையும் சேர்ந்து அழியும். அந்த இடம் வழவழப்பாக இருக்கிறது என்றாலே கையைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிஎஸ்ஏ-வில் இந்த வசதி நெடுநாள் இல்லை. அங்கே என்ஜினுக்கு ஒரு வரிசை, பிரேமுக்கு வேறு வரிசை. இரண்டையும் இணைப்பது பேரேடு மட்டுமே. போலிகள் பெருகியதற்கு இது ஒரு காரணம். 1962, 1963 ஆண்டுகளில் வந்த ராக்கெட் கோல்ட் ஸ்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் என்ஜினில் இருக்கும் டிஏ10ஆர் என்ற முன்னொட்டு, அதைவிட எளிதாகக் கிடைக்கும் சூப்பர் ராக்கெட்டிலும் உண்டு. வேறுபாட்டைக் காட்டுவது பிரேமில் உள்ள ஜிஏ10 என்ற முன்னொட்டுதான். சூப்பர் ராக்கெட் ஒன்றை வாங்கி, டேங்கையும் சைலன்சரையும் மாற்றி, குரோம் பூசி நிறுத்தினால் பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒற்றை சிலிண்டர் கோல்ட் ஸ்டாரில் சிக்கல் வேறு மாதிரியானது. வாங்குகிறவர் பந்தயத்துக்கா, மேடுபள்ளத் தடத்துக்கா, சாலைக்கா என்று சொல்லி கேம், கியர், டேங்க் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்ற நிலையில், ‘சரியான கோல்ட் ஸ்டார்’ என்ற சொல்லுக்கே பேரேட்டுக்கு வெளியே பொருள் குறைவு.

என் மனத்துக்கு நெருக்கமான சான்று ஸ்டீவனேஜில் செய்த வின்சென்ட் வண்டிகள். அவற்றின் 1000 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளில், மேல் பிரேமின் எண்ணிலிருந்து என்ஜின் எண்ணைக் கழித்தால் 1900 வர வேண்டும். வந்துவிட்டால் இரண்டும் பிறவியிலேயே சேர்ந்தவை. நிறமே பெயரான வண்டியும் அங்கேதான் பிறந்தது. 1948-இல் வந்த பிளாக் ஷேடோவுக்கு என்ஜின் கூடு முழுவதும் கறுப்பு எனாமல். ஆனால் கறுப்புப் பூச்சு மட்டும் வண்டியை ஷேடோ ஆக்காது. உள்ளே மெருகேற்றிய கனெக்டிங் ராடு, பெரிய கார்புரேட்டர், உயர்ந்த அழுத்த விகிதம். எதிரே 150 மைல் வரை எண் போட்ட ஐந்தங்குல வேகமானி. இதே உள்ளுறுப்புகளோடு, பூச்சில்லாத அலுமினிய நிறத்திலேயே என்ஜினை விட்ட வண்டிகளும் மிகச் சில உண்டு. அவற்றை ஒயிட் ஷேடோ என்பார்கள். வெளித்தோற்றம் வின்சென்டின் சாதாரண மாடலான ரேப்பிட், உள்ளம் ஷேடோ. நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கும் கண்ணுக்கு இதைவிடக் கடினமான தேர்வு இல்லை. 1949 வாக்கில் ஹார்லி டேவிட்சனோடு குழப்பம் வேண்டாமென்று வின்சென்ட் தன் பெயரோடு இருந்த எச்ஆர்டி என்ற எழுத்துகளைக் கைவிட்டபோது, டேங்கில் வின்சென்ட் என்றும் என்ஜின் வார்ப்பில் எச்ஆர்டி என்றும் இருக்கும் வண்டிகள் வெளிவந்தன. அச்சுகளை மாற்ற நாளாகும் அல்லவா? அந்த முரண்பாடுதான் அந்த வண்டிகளின் உண்மை. அதைச் ‘சரிசெய்ய’ முயல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பேரேடும் எல்லாவற்றையும் சொல்லாது. பல கம்பெனிகளின் கணக்கில் நிறம் எழுதும் பத்தியே இல்லை. அப்போது நாம் போக வேண்டிய இடம் வண்டியின் உடம்புதான்.

டேங்கைப் பிரேமோடு சேர்க்கும் ரப்பர் கட்டைகளுக்கு அடியில், டேங்கின் பக்கத்தில் திருகிய சின்னத்துக்குப் பின்னால், முழங்கால் அணைக்கும் ரப்பருக்கு உள்ளே, கருவிப்பெட்டியின் உட்புறத்தில்: வெயிலும் மழையும் துடைக்கும் துணியும் எட்டாத இடங்கள் இவை. சின்னத்தை மெதுவாகக் கழற்றினால் விளிம்பைச் சுற்றி ஒரு தீவு போல மூல நிறம் கிடக்கும். வெளியே செங்கல் நிறமாக மங்கியது உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும். 1960-களின் டிரையம்ப் நிறங்கள் பலவற்றில் இந்த வேறுபாடு அதிகம். வெள்ளிநிற அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் சாயமெருகைத் தெளித்து எடுத்த நிறங்கள் அவை. எத்தனை தடவை தெளித்தார்களோ அத்தனை ஆழம். பெயின்டர் கை கொஞ்சம் அதிகம் ஓடினால் நிறம் இருளும், குறைந்தால் வெளுக்கும். ஒரே வாரத்தில் பூசிய இரண்டு டேங்குகளை அருகருகே வைத்தாலும் சாயல் பொருந்தாமல் போகலாம். ஆகவே ‘1968 ஹை-ஃபை ஸ்கார்லெட் இதுதான்’ என்று ஒரு டப்பாவை நீட்டுகிறவர், ஒரு வரம்பிலிருந்து ஒரு புள்ளியை எடுத்துக் காட்டுகிறார், அவ்வளவே.

பிரேமின் கறுப்பு வேறு ரகம். எனாமல் பூசிச் சூளையில் சுட்டெடுத்தது. வார்ப்பின் சொரசொரப்பும் குழாய் இணைப்பின் பித்தளைப் பற்றும் அந்த மெல்லிய பூச்சுக்குள் தெரியும். இன்று பெரும்பாலோர் செய்வது பவுடர் கோட்டிங். அது தடித்த தோல். கூர்மையான விளிம்பை மழுக்கும், லேசாகக் குத்திய எண்ணை நிரப்பி மூடும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் இதே கதைதான். தொழிற்சாலையில் போல்ட், நட்டுகளுக்கெல்லாம் பெரும்பாலும் கேட்மியம் முலாம் பூசினார்கள். அது மங்கிய சாம்பல் வெள்ளை, கண்ணைப் பறிக்காது. கண்காட்சிகளில் பரிசு வாங்கும் வண்டிகள் பல, பிறந்த நாளில்கூட இவ்வளவு மினுங்கியிருக்காது. அழகாக இருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சான்று என்ற நிலையை அவை இழந்துவிட்டன என்பதிலும் இல்லை. இங்கிலாந்தில் இதற்கு எதிராக ஒரு போக்கு வலுத்திருக்கிறது. பழைய பெயின்டைத் தொடாமல், எண்ணெய்த் துணியால் துடைத்து ஓட்டிக்கொண்டே காப்பது. அத்தகைய வண்டிக்கு ‘எண்ணெய்த் துணி வண்டி’ என்றே அங்கே பெயர்.

டேங்கின் விளிம்பில் ஓடும் தங்கநிறக் கோட்டையும் பார்க்க வேண்டும். கோடிழுப்பவர்கள் நீண்ட மயிர்த் தூரிகையால், அளவுகோல் இல்லாமல், ஒரே மூச்சில் இழுத்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோட்டின் நடு கொஞ்சம் மேடிட்டிருக்கும். வளைவில் அகலம் ஒரு மயிரிழை கூடும். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சந்திக்கும் ஓரத்தில் பூச்சு இரட்டிப்பாக இருக்கும். ஒட்டுத்தாளில் வெட்டிய கோட்டுக்கு இவை எதுவும் கிடையாது. இந்தக் கைவேலையைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போகத் தேவையில்லை. ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா பிறந்து, திருவொற்றியூரில் புல்லட் கட்டத் தொடங்கியபோது இந்தக் கோடும் கூடவே வந்தது. புல்லட் டேங்குக்குச் சென்னை ஆலையில் கையாலேயே கோடிழுத்தார்கள். ரெடிச் மூடிய பின்னும் பல பத்தாண்டுகள் அந்தத் தூரிகை ஓடியது. இங்கிலாந்தில் புல்லட்டின் வடிவம் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்க, திருவொற்றியூர் 1955-இன் அமைப்பையே பிடித்துக்கொண்டது. விளைவாக, ரெடிச் புல்லட்டைப் புதுப்பிக்கும் ஆங்கிலேயர் சென்னையில் செய்த உறுப்பை வாங்கி மாட்டுகிறார். பல உறுப்புகள் அச்சாகப் பொருந்தும். பொருந்துவதாலேயே இருபது ஆண்டு கழித்து எது ரெடிச், எது திருவொற்றியூர் என்று பிரிப்பவர் திணறுவார்.

நிறமும் முலாமும் வெறும் ரசனை விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது 1952 மாடல் வண்டிகளை. அந்த ஆண்டு பல பிரிட்டிஷ் கம்பெனிகள் அதுவரை குரோம் மின்னிய டேங்குக்கும் வீல் ரிம்முக்கும் பெயின்ட் அடித்து அனுப்பின. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. குரோம் என்று நாம் சொல்லும் பளபளப்பில் குரோமியம் மேலே ஒரு மெல்லிய திரை மட்டுமே. துருவைத் தடுப்பதும் பளபளப்புக்கு வேண்டிய வழவழப்பைத் தருவதும் அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். நிக்கலோ ஆயுதத் தொழிலுக்கு வேண்டியது. அலங்காரத்துக்குப் பயன்படுத்தக் கட்டுப்பாடு வந்தது. 1952 வண்டி ஒன்றை எடுத்து, ‘பாவம், குரோம் போய்விட்டது’ என்று டேங்குக்குப் புது முலாம் பூசுகிறவர், கொரியப் போரை அந்த வண்டியிலிருந்து துடைத்துவிடுகிறார்.

இதைவிட ஆழமான தடம் இரண்டாம் உலகப்போர் விட்டுப்போனது. பிர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத்தில் பிஎஸ்ஏ செய்த எம்20 என்ற 500 சிசி ராணுவ வண்டி, ஒரு லட்சத்துக்கு மேல் கட்டப்பட்டது. போரின் தொடக்கத்தில் அதற்குக் காக்கிப் பச்சை. பச்சைக்கு வேண்டிய குரோமியம் ஆக்ஸைடு தட்டுப்பாடானதும் பழுப்பு வந்தது. 1944-இல் அமெரிக்கப் படையோடு ஒத்துப்போகும்படி ஆலிவ் நிறம் வந்தது. டேங்கில் மிளிரும் உலோகமும் ராணுவப் பச்சையின் சாயமும் ஒரே தனிமத்திலிருந்து வருபவை. இரண்டும் வெவ்வேறு போர்களில் வண்டியின் மேனியைவிட்டு விலகின.

ரப்பரின் கதை நமக்கு நெருக்கமானது. 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. பிரிட்டனுக்கு ரப்பர் வரும் முக்கிய வழி அடைபட்டது. அதன்பின் கட்டிய எம்20-களில் கால் வைக்கும் கம்பிக்கு ரப்பர் உறை இல்லை, வெறும் இரும்பு. ஹேண்டில்பாரின் கைப்பிடியில் ரப்பருக்குப் பதில் கித்தான் துணி. அந்த ரப்பர் மரங்களில் அதிகாலையில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். தோட்டங்கள் ஜப்பானியர் வசமாகி, அவர்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட அதே காலத்தில்தான், பிர்மிங்ஹாமில் ஒரு தொழிலாளி கைப்பிடிக்குக் கித்தான் சுற்றிக்கொண்டிருந்தார். பழைய பொருள் கடையில் ஐம்பது ரூபாய்க்கும் விலைபோகாத ஒரு கந்தல் கைப்பிடி அது. புதுப்பிப்பவர்கள் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். ரப்பர் கைப்பிடி பிடிக்கச் சுகமாக இருக்கிறதாம்.

போர் முடிந்ததும் இந்த வண்டிகள் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் டிஸ்போசலில் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் ராணுவ நிறத்தின் மேல் கறுப்படித்தார்கள், அதன்மேல் மெரூன், அதன்மேல் என்ன கிடைத்ததோ அது. என்ஜினும் பிரேமும் இவற்றில் பொருந்தாமல் போவது சகஜம். ராணுவப் பணிமனைகள் என்ஜின்களைக் கழற்றிப் பழுதுபார்த்து, கைக்குக் கிடைத்த பிரேமில் ஏற்றி அனுப்பிவிடும். எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஆனால் டேங்கின் பக்கவாட்டில் இன்னொரு எண் உண்டு. ராணுவம் தன் கணக்குக்காக எழுதியது. மோட்டார் சைக்கிள் என்பதைக் குறிக்க முன்னால் ஒரு ‘சி’, தொடர்ந்து இலக்கங்கள், வெள்ளைப் பெயின்டில். அதைத் தேட முழு டேங்கையும் சுரண்ட வேண்டாம். நைஸான ஈர உப்புத்தாளை விரல்நுனியில் சுற்றி, பக்கவாட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமிட்டுத் தேய்த்தால் போதும். மரத்தின் வளையங்கள் போல நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளிம்பில் தெரியத் தொடங்கும். மெரூன், கறுப்பு, ஆலிவ், பழுப்பு. பழுப்பின் மேல் வெள்ளை ஒரு வளைவாகத் தலைகாட்டும்போது கையை நிறுத்திவிட வேண்டும். அந்த வளைவு ‘சி’ எழுத்தின் முதுகாக இருக்கலாம். அங்கிருந்து வலப்பக்கமாக, அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் இலக்கங்கள் கிடைக்கும். அவற்றை வைத்து எந்த ஒப்பந்தத்தில், எந்த ஆண்டில் அந்த வண்டி ராணுவத்துக்குப் போனது என்று தேடிவிடலாம்.